"ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு" என்று ஒரே வரியில் பில் வந்தால் உஷார்

பதினைந்து வயது தாண்டிய ஒரு பெட்ரோல் கார். பில்லில் "ரேடியேட்டர் ஹோஸ் செட், கூலன்ட் மாற்றம்" என்று எழுதியிருந்தது. (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் கூலன்ட்; அதை இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கொண்டுபோகும் ரப்பர் குழாய்தான் ஹோஸ்.) பானெட்டைத் திறந்தால் ஹோஸ் எல்லாம் கருகருவென்று மின்னின. மூன்றாவது வாரம் நெடுஞ்சாலை வேகத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி ஐடிலில் விட்டால் இறங்கியது. அதே ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி; அதற்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு கேஸ்கெட். அந்தக் கேஸ்கெட்டில் எந்தக் கோளாறும் இல்லை. குற்றம் முழுக்க அவர்கள் மாட்டிய கீழ் ஹோஸில்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம். இன்ஜின் வேகம் ஏற ஏற அதற்குள் அழுத்தம் குறையும். சுவருக்குப் பலம் போதாவிட்டால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பல பழைய கார்களில் அந்த ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். இந்த வண்டியில் வளைவோடு வார்த்த ஹோஸுக்குப் பதிலாக நேர் ஹோஸ் ஒன்றை வெட்டி, வளைத்துத் திணித்திருந்தார்கள். சுருளைக் காணோம். வளைவில் ஏற்கெனவே பாதி மடிந்த ஹோஸ், 3000 ஆர்பிஎம் தாண்டியதும் தட்டையானது. ஐடிலில் சூடு இறங்கி, வேகத்தில் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீழ் ஹோஸையும் அடைத்த ரேடியேட்டரையும்தான். இன்ஜின் சூடான பிறகு ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றவர் ஃபேனிலிருந்து விலகி நின்று அந்த ஹோஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் அது வேறு விஷயம்: ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விட ரேடியேட்டர் மூடியில் உள்ள வாக்குவம் வால்வு திறக்கவில்லை. ஹோஸை மாற்றினாலும் அது தீராது.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸும் மாற்றப்படவே இல்லை. டயர் பாலிஷ் தடவியிருந்தார்கள். துணியால் அழுத்தித் துடைத்தால் வழவழவென்று பிசுக்கு வரும். அடியில் ரப்பர் வெளுத்து, முடி போல வெடிப்பு ஓடும். புது ஹோஸில் பார்ட் நம்பரோ தயாரிப்புக் குறியோ தெளிவாக அச்சாகியிருக்கும்.

வெளியே நன்றாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கவும் கூடாது. குளிர்விக்கும் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், நடுவே நூல் வலை. உலோகக் குழாயும் கூலன்ட்டும் ஹோஸும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்வதால் ரப்பர் உள்பக்கத்தில் நீளவாக்கில் கீறிக்கொண்டே போகும். அந்தச் சேதம் அதிகம் வருவது கிளாம்பை ஒட்டிய ஐந்து சென்டிமீட்டருக்குள். இன்ஜின் ஆறியபின் ஹோஸின் நடுவையும் முனையையும் விரல்களால் கிள்ளி ஒப்பிடுங்கள். முனை தொளதொளவென்றிருந்தாலோ உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ அந்த ஹோஸ் முடிந்தது. எண்ணெய் பட்டு உப்பிய ஹோஸும் அப்படியே. ஆயில் கசிவை நிறுத்தாமல் புதுசு போட்டால் அதுவும் உப்பும்.

அடுத்து கிளாம்ப். குழாய் வாயின் விளிம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். இங்கே மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கசிவை மறைக்க சிலிகான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். ஹோஸ் மூட்டுக்குப் பேஸ்ட் தேவையே இல்லை. பேஸ்ட் பிதுங்கித் தெரிந்தால் குழாய் வாய் அரித்திருக்கிறது, அல்லது ஹோஸ் அளவு தவறு என்று பொருள். உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். திருகு கிளாம்பை வெறியோடு முறுக்கினால் பட்டையின் பல் வெட்டுகள் ரப்பரை அறுக்கும், பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும். வண்டியோடு ஸ்பிரிங் கிளாம்ப் வந்திருந்தால் அதையே கேளுங்கள்: ரப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது கூடவே பிடிக்கும். திருகு கிளாம்ப் போட்டால் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்கியே ஆக வேண்டும்.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் ஏமாற்றுவது கடினம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒட்டிப்போன பழைய ஹோஸைப் பிளையரால் திருகக் கூடாது, வாய் உடைந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரிக்க வேண்டும். வாயை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்து, கூலன்ட்டால் நனைத்துப் புது ஹோஸை ஏற்ற வேண்டும். கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும். ஹீட்டரை அதிகபட்சச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து மெதுவாக நிரப்ப வேண்டும். சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து, ஃபேன் ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் அவசரத்தில் விழுங்குகிறார்கள். உள்ளே தங்கிய காற்று ஹெட்டுக்கு அருகே நின்றால் முள் சரியாகக் காட்டாமலேயே இன்ஜின் வேகும்.

அந்தக் காரில் கூலன்ட் என்று ஊற்றியிருந்தது சாயம் கலந்த வெறும் தண்ணீர். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிக்குக் கீழே ஏறக்குறைய 129 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் 107-லேயே கொதிக்கும். வெறும் தண்ணீருக்கு அந்தக் கூடுதல் தாக்குப்பிடிப்பும் கிடையாது, துரு தடுக்கும் மருந்தும் கிடையாது. ஆகவே கலவையை, அதன் விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தை நம்பாதீர்கள்.

வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: கழற்றிய ஹோஸ் எல்லாம் டிக்கியில் வர வேண்டும், பில்லில் மேல், கீழ், ஹீட்டர் இரண்டு, பைபாஸ் (ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவிடும் சிறு ஹோஸ்) இருந்தால் அதுவும் தனித்தனியே பார்ட் நம்பரோடு வர வேண்டும். எண்ணிக்கை இடித்தால் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கினால் தங்கிய காற்று வெளியேறியது. மூன்றாம் நாளும் இறங்கினால் கசிகிறது. மூட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, முன் இருக்கையின் கால்விரிப்பு ஈரமா, உள்ளே இனிப்பு வாடை வருகிறதா என்று பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட் என்று பயமுறுத்தினால் ஹெட்டில் கைவைக்கும் முன் சோதனை கேளுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகினால் சிலிண்டர் வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்ற சந்தேகம் நியாயம். கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் திரவச் சோதனை சில நிமிட வேலை. அதைச் செய்ய மறுக்கும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.