1965, 1971 போர்ப் பதக்கம் கேட்டு இப்போது விண்ணப்பிக்கலாமா? ரெக்கார்டு ஆபீஸ் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

1965-இலும் 1971-இலும் போர்முனையில் நின்ற சிப்பாய்களில் பலர் சில வருடங்களிலேயே படையை விட்டு ஊர் திரும்பினார்கள். பதக்கம் பின்னால் வரும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், வந்திருக்காது. இன்று அவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. இந்தப் பதக்கங்களுக்கு மாதப் பணம் எதுவும் கிடையாது. வீர் சக்ரா, சேனா மெடல் போன்ற வீரதீர விருதுகளுக்குத்தான் அது உண்டு. ஆகவே காசுக்கு ஆசைப்பட்டு யாரும் இதைக் கேட்பதில்லை. இந்தப் போரில் நான் இருந்தேன் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவே அவர்கள் கேட்பது. அந்தக் கோரிக்கையை மாவட்ட அலுவலகம், ரெக்கார்டு ஆபீஸ் (சிப்பாய்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்), தகவல் உரிமைச் சட்டம், தீர்ப்பாயம் என்ற வழியில் கொண்டுபோனால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பென்ஷனோடு வந்தவருக்கு இந்தச் சேவை மெதுவானது, ஆனாலும் நம்பலாம். பென்ஷன் இல்லாமல் வந்தவருக்கு, எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரு வரிப் பதிலோடு கதவு சாத்தப்படும்.

கோரிக்கையில் பதக்கத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும். "போர்ப் பதக்கம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்கு கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு முனை என்றால் பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்ராம் மெடல். ஸ்டார் என்று முடிபவை குறிப்பிட்ட போர்ப் பகுதியில் இருந்ததற்கானவை, அதற்கு யூனிட்டையும் இடத்தையும் காட்டியாக வேண்டும். ரக்ஷா மெடலுக்கு நேராகச் சண்டையில் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, அந்தக் காலத்தில் பணியில் இருந்ததே முக்கியம். 1962-க்குத் தனி ஸ்டார் இல்லை. 1947 ஜெனரல் சர்வீஸ் மெடலில் லடாக் 1962, நேஃபா 1962 (நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்ற கிளாஸ்புகள், அதாவது ரிப்பனில் பொருத்தும் பட்டைகள், உண்டு. பலர் கேட்கவே மறப்பது சுதந்திர வெள்ளிவிழா மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் காட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

விண்ணப்பம் கடைசியாகப் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.இ.க்கு செகந்தராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. ராணுவ அதிகாரிகளின் ஆவணங்கள் டெல்லியில் தனியாக இருக்கின்றன.

நேராகவே அனுப்பலாம் என்றாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவதே நல்லது. உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போகும் மனுவுக்குக் கோப்பு எண் விழும், ஆறு மாதம் கழித்து நினைவூட்டவும் ஒரு ஆள் இருப்பார். இதற்குக் கட்டணம் கிடையாது. இந்தச் சங்கிலியில் மனிதரை மனிதராக நடத்தும் இடம் பெரும்பாலும் இதுதான். எழுத்தர்களில் பலர் தாங்களே முன்னாள் படைவீரர்கள் என்பதால் "ஷீட் ரோல்" (ஒரு சிப்பாயின் பணிப் பதிவு), "பார்ட் டூ ஆர்டர்" (பணி நிகழ்வுகளைப் பதியும் யூனிட் உத்தரவு) என்றால் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மனு ஒரே பக்கம் போதும். ஆர்மி நம்பர், ரேங்க், சேர்ந்தபோது பதிவான பெயர், தந்தை பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, போர் நடந்த மாதங்களில் இருந்த யூனிட், கேட்கும் பதக்கம். இணைப்பாக, படையை விட்டு விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் நகலும் வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்புவது வழக்கமான தவறு, பதக்கங்களுக்கான பத்தி உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பத்தியில் சமர் சேவா ஸ்டார் என்று எழுதியிருந்து பதக்கம் மட்டும் வராமல் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அப்போது தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை, வழங்கச் சொல்லிக் கேட்டால் போதும். அதே மனுவில் பென்ஷன், வீட்டுமனை, பேரனுக்கு வேலை என்று சேர்த்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு பிரிவுக்குப் போக வேண்டியது, ஒரே தாளில் இருந்தால் ஏதாவது ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் இடறுவது பெயர். ஆள் சேர்ப்பில் இனிஷியலை விட்டுவிட்டு வெறும் பெயரையோ, தந்தை பெயரை முன்னால் விரித்தோ எழுதியிருப்பார்கள். ஆதாரில் எம். முத்துசாமி, டிஸ்சார்ஜ் புக்கில் முத்துஸ்வாமி மாடசாமி. இப்படி இருந்தால் மனுவில் படைப் பெயரையே எழுதி, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை முதல் தடவையே இணைத்துவிடுங்கள். பின்னால் கேட்டு வாங்கினால் அதற்கே சில மாதங்கள் ஓடிவிடும்.

இனி இந்தச் சேவையின் பெரிய குறை. பென்ஷன் இல்லாமல் விலகியவரின் பணி ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்தால் போதும் என்பது ராணுவ விதி. 1968-இல் விலகியவரின் ஷீட் ரோல் 1993-க்குப் பிறகு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அதனால் "தங்கள் ஆவணங்கள் கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டன, மேல் நடவடிக்கை இயலாது" என்று கடிதம் வருகிறது. சட்டப்படி அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஷீட் ரோல் அழிந்தாலும் லாங் ரோல் என்ற பதிவேடு இருக்கும். நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்ற அடிப்படை விவரங்கள் அதில் உண்டு. ஆவணத்தை அழித்தது அலுவலகம், அந்தச் சுமையை எண்பது வயதுக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமே இல்லை. லாங் ரோல் நகலைக் கேட்காமலே இணைத்து அனுப்புவதுதான் முறை. அப்படிச் செய்யாததற்காகவே இந்தக் கட்டத்துக்குக் குறைந்த மதிப்பெண்தான் தர முடிகிறது.

ஆகவே அடுத்த கடிதத்தில் "லாங் ரோல் சாற்று நகல் தருக" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள் (சாற்று என்றால் அந்தப் பதிவேட்டில் உங்களைப் பற்றிய பகுதி மட்டும்). அது தேதிகளை நிறுவிவிடும். மீதம் இருப்பது யூனிட்டும் இடமும். அதற்கு வீட்டுப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். பழைய இன்லேண்ட் லெட்டர்களில் அனுப்புநர் முகவரி நம்பர், ரேங்க், யூனிட் பெயரோடு "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்று முடியும். ஏ.பி.ஓ. என்பது ராணுவத் தபால் நிலையம். 56 டெல்லி வழியாக வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கும், 99 கொல்கத்தா வழியாகக் கிழக்குக்கும் போகும் தபால். 1971 டிசம்பர் முத்திரையோடு 99 ஏ.பி.ஓ. கடிதம் ஒன்று இருந்தால் பூர்வி ஸ்டார் கோரிக்கைக்கு அது நல்ல துணைச் சான்று. தனியாக நிற்காது, ஆனால் யூனிட் அந்த முனையில் இருந்தது என்ற பதிவோடு சேர்ந்தால் வலுவாக நிற்கும். மணியார்டர் கூப்பன், ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, அதே கம்பெனியில் இருந்து அதே பதக்கம் வாங்கிய தோழரின் பிரமாணப் பத்திரம் ஆகியவையும் உதவும். தோழர் தன் ஆர்மி நம்பரையும் டிஸ்சார்ஜ் புக் நகலையும் வைத்தால்தான் அவர் சொல்லுக்கு எடை. சீருடைப் புகைப்படம் மட்டும் போதாது. மார்பில் ரிப்பன் தெரிந்தால் சேர்க்கலாம்.

யூனிட் எங்கே இருந்தது என்பதைக் காட்ட வார் டைரி (யூனிட்டின் அன்றாடப் போர்க் குறிப்பு), போர் வரலாறு இரண்டும் உண்டு. 25 வருடங்களுக்கு மேலான போர் ஆவணங்களை மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. நடைமுறையில் ஒரு தனி ஆள் அங்கே போய்த் தேடுவது கடினம். ரெஜிமென்டல் சென்டரிடம் "இன்ன தேதிகளில் இந்த பட்டாலியன் எந்தப் பகுதியில் இருந்தது" என்று கேட்பது எளிய வழி.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விலைக்கு மிஞ்சிய பலன் தரும் கட்டம் இது ஒன்றுதான். "ஏன் பதக்கம் தரவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்வியை எளிதில் தள்ளிவிடலாம். இருக்கும் தாளின் நகலைக் கேளுங்கள்: ஷீட் ரோல், அழித்திருந்தால் அழித்த தேதியும் அதற்கான உத்தரவும், லாங் ரோல் சாற்று, அந்த யூனிட்டின் பதக்கப் பட்டியலில் உங்கள் நம்பர் உள்ள வரி. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதும் கடிதங்கள் சுற்றிவந்து அதே ரெக்கார்டு ஆபீஸ் மேசையில்தான் விழும்.

எழுத்தில் மறுத்துவிட்டால், அல்லது முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டத்தில் உருவானது, சென்னையிலும் அமர்வு உண்டு. மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஐம்பது வருடத் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். இடைப்பட்ட காலத்தில் எழுதிய கடிதங்களும் ரசீதுகளும் அங்கேதான் உயிர் பெறும். எதையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை நகலெடுத்து வைப்பது அதனால்தான். போரில் காட்டிய துணிச்சலுக்கு இப்போது வீர் சக்ரா கேட்டு அங்கே போவதை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அன்றைய கமாண்டிங் ஆபீஸர் வழியாகப் பரிந்துரை போயிருக்க வேண்டும். அது இல்லாமல் நீதிமன்றங்கள் விருது வழங்கச் சொல்வது மிக அரிது.

வீரர் காலமாகியிருந்தால் மனைவி கேட்கலாம். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வில் அவர் பெயர் இருந்தால் சிக்கல் குறைவு. பிள்ளைகள் என்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்துவிடுங்கள்.

பார்சல் வந்ததும் வட்டப் பதக்கங்களின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அரசு வழங்கியதில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். கன்டோன்மென்ட் கடைகளில் விற்கும் நகல்களில் அது இருக்காது, அதை வாங்கி அணிவது இந்த அங்கீகாரம் ஆகாது. பொறிப்பில் எழுத்தோ எண்ணோ தவறியிருந்தால் பதக்கத்தை நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், விளிம்பைப் படமெடுத்து, டிஸ்சார்ஜ் புக் நகலோடு மாவட்ட அலுவலகம் வழியாக எழுதுங்கள்.