அம்மாயி போனும் பேரனின் வைரமும்: எந்தப் பூட்டு தாங்கும்?

ஒரு சனிக்கிழமை மாலை, கொழும்பில் கடை வேலை பார்க்கும் என் தம்பிக்கு வங்கியிலிருந்து அடுத்தடுத்து மூன்று எஸ்.எம்.எஸ். மூன்றும் அவன் கார்டில் காசு கழிந்த செய்தி. கார்டோ பர்ஸுக்குள் பத்திரமாக இருக்கிறது. பதறிப்போய் எனக்கு எடுத்தான்: "அண்ணே, கூகுள் ப்ளேன்னு போட்டிருக்கு. நான் ஒண்ணுமே வாங்கலியே!"

வாங்கிய ஆள் தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து (வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்கா மகன், வயது எட்டு. தம்பி புதுப் போன் எடுத்தபோது பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். படங்களை அழித்தான், சிம்மைக் கழற்றினான், கூகுள் கணக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். கார்ட் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கும் நேரமெல்லாம் போன் பேரன் கையில்தான். கேட்டால், "நான் காசு ஒண்ணும் எடுக்கல மாமா. பச்சைப் பட்டனை அமுக்கினேன், வைரம் வந்துச்சு" என்றான். வைரம் என்பது போன் விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கும் சாமான். அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அவனுக்குத் தெரிந்த காசு அந்தத் திரையில் எங்கேயுமே வரவில்லை.

தேடிப் பார்த்தால் முந்தின வாரமும் ஒரு 990 ரூபா போயிருந்தது. மொத்தம் 7,460. தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் நிர்ணயித்தார்களே, அந்தக் கணக்கில் அம்மாவுக்கு ஐந்தரை நாள் மலை வேலை.

நான் டவுனில் ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பி, போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது என்று பிழைப்பு ஓடுகிறது. "போட்ட ரீலோட் தானாகக் கரையுது" என்று வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன், இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லா வழிகளையும் சொந்த வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் ஆளுக்கொரு போன், பாஸ்வேர்ட் தெரிந்த பெற்றோர் என்ற வீட்டுக்கு எழுதியவை. நம் வீடுகளில் ஒரு போனை நாலு பேர் பாவிக்கிறோம், அதை ஒழுங்காக இயக்கத் தெரிந்தவன் பெரும்பாலும் அந்த எட்டு வயதுக்காரன்தான்.

விரலா, பாஸ்வேர்டா?

எல்லோரும் முதலில் சொல்வது ப்ளே ஸ்டோரின் பூட்டு. ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் போனால் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறையும் கேள், 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேள், கேட்கவே வேண்டாம் என்ற மாதிரி தெரிவுகள். எங்கள் போனில் இருந்தது கடைசி ரகம். தம்பி ஏதோ அவசரத்தில் போட்டு வைத்ததாம்.

நடுவில் உள்ள 30 நிமிடம்தான் பலருக்குப் பிடிக்கும், நியாயமாகத் தெரியும். நான் வேண்டாம் என்பேன். பிள்ளை கேட்டதற்காக ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தால், அதன்பின் அரை மணி நேரத்துக்கு அந்தக் கடையில் காவல் இல்லை. இதே ஓட்டையால்தான் 2014இல் அமெரிக்காவின் எப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையத்திடம் பெரிய நிறுவனங்களே மாட்டின. அப்போது ஆப்பிளில் ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டால் 15 நிமிடம் திறந்தே கிடக்கும், கூகுளில் 30 நிமிடம். அது பெற்றோருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதே வழக்கு. ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டொலரும், கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டொலரும் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆக, இது நம் பிள்ளைகளின் தனிக் குறும்பு கிடையாது.

சரி, 'ஒவ்வொரு முறையும்' என்று வைத்தாயிற்று. அப்புறம் விரல் ரேகையா, பாஸ்வேர்டா? பொதுவாக விரல்தான் சுகம். எங்கள் அம்மாவுக்கு அது ஒத்துவரவே இல்லை. முப்பது வருஷம் கொழுந்து ஆய்ந்த விரல் அது. நுனி கறுத்து, வெடித்து, ரேகை தேய்ந்து கிடக்கிறது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார், போன் ஒவ்வொரு முறையும் அதிர்ந்து மறுத்துவிட்டது. கடையிலும் பார்த்திருக்கிறேன், மலையில் வேலை செய்கிற பெண்களின் போன்களில் விரல் பூட்டு அநேகமாக இருக்காது, நாலு இலக்க பின் தான் இருக்கும். பின்னைப் போட்டுக் கொடுத்தது யார்? பேரன்.

விரல் நன்றாகப் பதியும் வீட்டிலும் முழு நிம்மதி இல்லை. 2016இல் அமெரிக்காவில் ஓர் ஆறு வயதுச் சிறுமி, தூங்கிக்கொண்டிருந்த தாயின் பெருவிரலைப் பிடித்துப் போனில் வைத்து, 250 டொலருக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிவிட்டாள். இங்கே பகல் முழுக்க மலையேறி இறங்கியவர்கள் எட்டரைக்கே அசந்து தூங்குவார்கள்.

பாஸ்வேர்ட் அப்படியல்ல. போனின் பின் தெரிந்திருந்தாலும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் வேறு. அதை அந்த வீட்டிலேயே இல்லாத ஒருவர் வைத்திருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அது கொழும்பில் இருக்கிறது, எட்டு வயதுக் கைக்கு எட்டாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. போன் வாங்கும்போது கடைப் பையன் அவசரமாக ஒரு கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறான், பாஸ்வேர்ட் யாருக்குமே தெரியாது. (நானும் செய்திருக்கிறேன். இப்போது பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதிக் கொடுப்பதில்லை, தனித் துண்டில் எழுதி மகளிடமோ மகனிடமோ கொடுக்கச் சொல்கிறேன்.) இன்னொன்று, இந்தப் பூட்டு அந்தப் போனுக்கும் அந்தக் கணக்குக்கும் மட்டும்தான். வேறு போனில் அதே கணக்கு இருந்தால் அங்கேயும் போட வேண்டும்.

ஃபேமிலி லிங்க்

கூகுளின் ஃபேமிலி லிங்க் காசில்லாத ஆப். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, அதற்கு மேல் பெற்றோரின் கணக்கு. பிள்ளை எதையாவது வாங்கப் போனால் உங்களுக்கு அனுமதி கேட்டு வரும். எல்லாவற்றுக்கும் கேள், காசுள்ளதற்கு மட்டும் கேள், ஆப்புக்குள் வாங்குவதற்கு மட்டும் கேள் என்று தெரிந்தெடுக்கலாம். எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம் என்பதையும் இதிலேயே கட்டுப்படுத்தலாம்.

ஆனால் பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால்தான் இது ஒழுங்காக ஓடும். அப்படி இருக்கிற குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்கே. கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்குப் போய் வட்ஸ்அப்பில் பாடம் எடுத்த பிள்ளைகளுக்காக, கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. அந்தப் போன்கள் இப்போது தம்பி தங்கைகளிடம் இருக்கின்றன, அவற்றுக்கு இது பொருந்தும். அம்மாயியின் ஒற்றைப் போனுக்குப் பொருந்தாது. அனுமதி கேட்டு வருவதற்கு இரண்டு பக்கமும் டேட்டா வேண்டும், மழைக்காலத்தில் எங்கள் டிவிஷனில் அது வரும், போகும். கூகுள் ப்ளே வழியாகப் போகும் காசுக்கு மட்டும்தான் இந்தக் காவல் என்பதையும் மறக்க வேண்டாம். வெளி இணையத்தளத்தில் வைரம் விற்பவனை இது தடுக்காது.

பெட்டியைக் காலி செய்வது

எனக்குப் பிடித்த வழி இதுதான். பூட்டைத் திறக்கப் பிள்ளை ஒருநாள் கற்றுக்கொள்வான். பெட்டிக்குள் காசு இல்லாவிட்டால் திறந்து என்ன செய்வான்?

கார்டை எடுத்துவிடுவது இரண்டு நிமிட வேலை. ப்ளே ஸ்டோரில் பேமென்ட்ஸ் பகுதிக்குப் போய், பேமென்ட் மெத்தட்ஸ், அதற்குள் மேலதிக செட்டிங்ஸ், அங்கே கார்டை நீக்கலாம். வங்கி ஓ.டி.பி. அனுப்புமே, அது காப்பாற்றாதா என்று தம்பி கேட்டான். கடையில் புதிதாகக் கார்ட் நம்பர் அடிக்கும்போது வரும் ஓ.டி.பி., ஏற்கெனவே சேமித்து வைத்த கார்டில் ப்ளே ஸ்டோர் கழிக்கும்போது பெரும்பாலும் வருவதில்லை. காசு போன பிறகு செய்திதான் வரும், எங்களுக்கு வந்த மாதிரி. இப்போது தம்பி சின்னதாக வேறொரு கணக்கைத் திறந்து அந்தக் கார்டை மட்டும்தான் இணையத்தில் பாவிக்கிறான். தேவைப்படும்போது இரண்டாயிரம் மாற்றிக்கொள்வானாம்.

அம்மா போனில் நாங்கள் செய்தது அதைவிடக் கடுமை. தம்பியின் கணக்கையே அகற்றிவிட்டோம். அங்கேதான் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். அம்மா சேர்த்து வைத்திருந்த நம்பர்கள் எல்லாம் தம்பியின் கணக்கில்தான் சேமிப்பாகியிருந்தன. கணக்கை எடுத்ததும் குவைத்தில் இருக்கும் சித்தி நம்பர், டிஸ்பென்சரி நம்பர், ஆட்டோக்காரர் நம்பர் எல்லாம் மாயம். தம்பி தன் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பியதால் பிழைத்தேன். முதலில் நம்பர்களை சிம்முக்கோ புதுக் கணக்குக்கோ மாற்றிக்கொண்டு பிறகு கை வையுங்கள். போனை முழுதாக ரீசெட் செய்வதானால் அதற்கு முன்பே கணக்கை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கலாம். விளையாட்டில் மருமகன் ஏறியிருந்த படிகளும் அந்தக் கணக்கோடு போனதால் அன்று இரவு அவன் சோறு உண்ணவில்லை. அம்மாவும் உண்ணவில்லை. மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்து, தன் போனில் திறந்தால் அந்த விளையாட்டு அப்படியே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் சமாதானம்.

கார்ட் இல்லாத போனிலும் ஒரு வாசல் இருக்கிறது, சிம். சில வலையமைப்புகளில் ப்ளே ஸ்டோர் காசை ரீலோட் கணக்கிலோ மாத பில்லிலோ கழித்துக்கொள்ளலாம். ப்ரீபெய்ட் என்றால் போட்டு வைத்த ரீலோட் அளவோடு நட்டம் நிற்கும். போஸ்ட்பெய்ட் என்றால் மாத முடிவில்தான் தெரியும். பிள்ளை கையில் போகும் போனுக்கு ப்ரீபெய்ட்தான் என் தெரிவு, அதுவும் டேட்டா கார்டாகப் போட்டுவிட்டு மிச்சக் காசைக் குறைத்து வைப்பது. ஆயிரம் ரூபாவுக்கு ஒரேயடியாகப் போடச் சொல்பவர்களை நானே இருநூறாகப் போடச் சொல்கிறேன். வியாபாரத்துக்கு நல்லதில்லைதான்.

மற்ற வழிகள்

'ஸ்கிரீன் பின்னிங்' என்று திரையை ஒரே ஆப்பில் நிறுத்தி வைப்பது, அந்த ஆப்பை விட்டு வெளியே போகாமல் தடுக்கும். கடை இருப்பதே விளையாட்டுக்கு உள்ளே என்பதால் அதில் பயன் இல்லை. பிள்ளைக்குத் தனி யூசர் திறக்கலாம், ஆனால் எல்லாப் போனிலும் அந்த வசதி இல்லை. டேட்டாவை நிறுத்திக் கொடுப்பது எங்கள் பக்கம் பழைய வைத்தியம், வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டிலிருக்கும் அப்பாவின் வீடியோ கோல் எந்நேரமும் வரலாம் என்று காத்திருக்கும் வீட்டில் யார் டேட்டாவை நிறுத்துவார்கள்?

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. ஸ்கிரீன் டைமுக்குள் கன்டென்ட் அன்ட் ப்ரைவசி பகுதியில் ஆப்புக்குள் வாங்குவதையே முழுதாக நிறுத்திவிடலாம். விஷயம் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஐபோன்தான் முன்னே.

போன காசு

இலவசச் சோதனை என்று தொடங்கி மூன்று நாள் கழித்துக் காசு கழிக்கும் சந்தாக்கள் வேறு உண்டு. ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.

மற்றபடி கணக்கு 48 மணி நேரம். அதற்குள் கூகுள் ப்ளேயில் பணம் திரும்பக் கேட்டு, குடும்பத்தில் ஒருவர் தவறுதலாக வாங்கியது என்று உள்ளதைச் சொல்லலாம். தாண்டிவிட்டால் விளையாட்டைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். யாரோ திருடிவிட்டார்கள் என்று வங்கியில் முறையிடும் யோசனையைத் தம்பியிடம் விடச் சொன்னேன். அந்த வழி முன்பின் தெரியாதவர் கழித்த காசுக்கு உரியது, வாங்கியதோ நம் வீட்டுப் பிள்ளை.

சனிக்கிழமை போன மூன்றும் அடுத்த வாரம் கார்டுக்குத் திரும்பின, அவற்றின் வைரங்களும் விளையாட்டிலிருந்து போயின. முந்தின வாரத்து 990 வரவில்லை, காலம் கடந்திருந்தது. அந்த வைரங்கள் மட்டும் தம்பி போனில் இன்னும் இருக்கின்றன. அவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மருமகன் போனை வாங்கி அவற்றை எண்ணிப் பார்க்கிறான். ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.