சிங்கப்பூர்–திருச்சி ஸ்கூட்: டிக்கெட் போடும் முன் கிலோவை முடிவு செய்யுங்கள்

துவாஸில் ஒரு ஷிப்யார்டில் வேலை பார்க்கிறேன். ஊர் பேராவூரணிப் பக்கம். சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை ஊருக்குப் போய் வருவேன். பெரும்பாலும் ஸ்கூட் என்கிற மலிவு விலை விமானத்தில்தான். ரூமுக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதல் லீவு கிடைத்ததும் வந்து கேட்பார்கள்: "அண்ணே, ஸ்கூட்ல போடலாமா?"

தாராளமாகப் போடலாம். ஆனால் எத்தனை கிலோ கொண்டுபோகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம்தான் விலை பார்க்க வேண்டும். போனில் முதலில் தெரியும் அந்தக் குறைந்த விலை ஆளுக்கும் கைப்பைக்கும் மட்டும். கைப்பை என்றால் ஒரு பையும், கூட ஒரு சின்னப் பையும். இரண்டும் சேர்ந்து 10 கிலோ. அடியில் போடும் பெட்டி, சாப்பாடு, பிடித்த சீட், எல்லாம் தனிக் காசு. பெட்டிக்கான எடையை டிக்கெட் போடும்போதே வாங்கினால் குறைவு. ஏர்போர்ட் கவுண்டரில் போய் நின்று வாங்கினால் அதிகம். இதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஸ்கூட் மலிவு. தெரியாதவர் கடைசியில் கட்டும் தொகை, பெட்டியும் சாப்பாடும் சேர்த்துத் தரும் விமானத்தின் விலைக்குப் பக்கத்தில் போய்விடும்.

நான் எப்போதும் 30 கிலோ வாங்குவேன். எங்கள் ரூமில் கொக்கி வைத்த கைத்தராசு ஒன்று உண்டு. பன்னிரண்டு பேருக்கும் பொது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தராசில் மாட்டி, இரண்டு பேர் தூக்கிப் பிடிப்போம். முள் 31-ஐத் தொட்டால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். போன முறை அப்படி அவிழ்த்து ஒரு மைலோ பையை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினேன். முஸ்தபா கடையில் வாங்கிய கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், அக்காவுக்குக் கம்பளி, பக்கத்து ஊர்ப் பையன் அவன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பால்பவுடர் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். நான்கு பக்கமும் மார்க்கரால் பெயரும் ஊரும் எழுதுவேன். திருச்சியில் பெல்ட்டில் வரும் பெட்டிகளில் பாதி இப்படித்தான் இருக்கும். இந்தப் பெட்டிக்காகத்தான் சொல்கிறேன், 28 கிலோ வருமென்று தெரிந்தால் 30 வாங்குங்கள். 25 வாங்கிவிட்டுக் கவுண்டரில் போய்க் கெஞ்சிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். 2012 ஜூனில் சிட்னிக்குத்தான் முதன்முதலில் பறந்தது. அப்போது திருச்சிக்கு வந்துகொண்டிருந்தது டைகர் என்ற இன்னொரு மலிவு விலை விமானக் கம்பெனி. 2017 ஜூலையில் டைகரை ஸ்கூட்டோடு சேர்த்தார்கள். டிக்கெட்டில் விமான எண்ணுக்கு முன்னால் வரும் டிஆர் என்ற இரண்டு எழுத்து டைகரிடமிருந்து வந்ததுதான். கோயம்புத்தூருக்கு முன்பு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இன்னொரு துணைக் கம்பெனியான சில்க்ஏர் போனது, அதையும் இப்போது ஸ்கூட் பார்த்துக்கொள்கிறது. தாய்க் கம்பெனி தன் விமானத்தைச் சென்னைக்கு அனுப்புகிறது. திருச்சிக்கும் கோவைக்கும் அனுப்புவது ஸ்கூட்டை. எங்களைப் போன்றவர்கள் எங்கே இருக்கிறோம் என்பது அந்தக் கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மாமா மகன் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே ஒரே டிக்கெட்டாகத் திருச்சி வரை போட்டான். மெல்போர்னில் கொடுத்த பெட்டியைத் திருச்சியில்தான் எடுத்தான். தாயும் பிள்ளையுமாக இருப்பதில் பயணிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இது. அதற்காக உள்ளே தாய் விமானத்தின் உபசாரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

திருச்சிக்கு வருவது ஏ320 ரகம். நடுவில் ஒரு நடைபாதை, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. டிவி கிடையாது. சீட்டுகள் நெருக்கம், உயரமானவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து கால் நீட்டும் சீட் வாங்கிக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சாப்பாட்டை நான் தேக்காவிலேயே (சிங்கப்பூர் லிட்டில் இந்தியா) முடித்துவிட்டுக் கிளம்புவேன். தண்ணீர் விஷயம் மட்டும் கவனம்: சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டின் முதல் முனையத்தில் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். பாட்டிலைக் காலி செய்து கொண்டுபோய், உள்ளே இருக்கும் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணிப்பெண்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல முடியும். போன வருடம் அம்மாவை ஒரு மாதம் அழைத்து வந்தபோது, பெல்ட் மாட்டத் தெரியாமல் அம்மா முழித்தார். ஒரு பெண் குனிந்து, "இப்படி உள்ள விடுங்கம்மா, சத்தம் கேக்கும்" என்று தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். இறங்கும்போது அம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டுத்தான் வந்தார்.

வேறொரு கம்பெனி விமானத்தில், விலை குறைவென்று ஒரு முறை சென்னையில் மாறிப் போனேன். பெட்டி சென்னையிலேயே நின்றுவிட்டது, மூன்று நாள் கழித்து வந்தது. அதற்குப் பிறகு நேர் விமானம் தவிர வேறு எதையும் நான் பார்ப்பதில்லை.

நேர் விமானத்தின் அருமை இன்னொரு நாளில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை, வேலையில் இருந்தபோது தம்பி போன் செய்தான். அப்பா போய்விட்டார். சூப்பர்வைசர் அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அன்று மாலை ஸ்கூட்டில் ஒரு சீட் இருந்தது. கடைசி நேர விலை எந்தக் கம்பெனியிலும் அதிகம்தான், அன்றும் அப்படித்தான். எடை எதுவும் வாங்கவில்லை. தோளில் ஒரு பை மட்டும். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் பெட்டி இல்லாமல் ஊருக்குப் போனது அந்த ஒரு தடவைதான். திருச்சி ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் வெளியே வந்ததும் கார் அப்படியே நேராகப் பிடித்தது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, விடிவதற்குள் வீடு. அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் பார்த்தேன். கொள்ளி வைத்தேன். சென்னையில் இறங்கியிருந்தால் அங்கிருந்து ரோட்டிலேயே ஏழெட்டு மணி நேரம் போயிருக்கும்.

திருச்சியில் இப்போது புது முனையம். 2024 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். அந்த ஜூனிலிருந்து விமானங்கள் அங்கேதான் வருகின்றன. பழைய கட்டடத்தில் பெல்ட்டைச் சுற்றி நின்ற நெரிசல் இல்லை. கூட்டிப்போக வருபவர்கள் நிற்கவும் இடம் இருக்கிறது.

தேதி மாற்றுவதற்கும் காசு உண்டு, அதனால் லீவு உறுதியான பிறகு போடுங்கள். ஆனால் பொங்கல், தீபாவளிக்கு மட்டும் மூன்று மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். நான் வரும் பொங்கலுக்குப் போட்டுவிட்டேன், 30 கிலோவோடு. அம்மா கோடாலித் தைலம் இந்தத் தடவை பெரிய பாட்டிலாக ஆறு கேட்டிருக்கிறார், தெருவில் கொடுக்க.