கீழமாசி வீதி ஆபீஸில் எம்டிஎம்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மொத்த வியாபார ஆபீஸ். பில் போட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் லைன் போகும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் (ரெப்கள்) ஆர்டர் எடுக்க ஆண்ட்ராய்டு போன்கள், முதலாளி கையில் ஒரு ஐபோன். இவை எல்லாவற்றையும் ஒரே திரையில் நிர்வகிக்கும் மென்பொருளை, அதாவது எம்டிஎம்மை, மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். யாருடையதை வாங்கினாலும் அனுபவம் ஏறக்குறைய இதுதான்.

போன் தொலைந்தால் ஆபீஸில் இருந்தபடியே அழித்துவிடலாம் என்றதும்தான் முதலாளி பணம் கொடுத்தார். எங்களுக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டதே அந்த வசதிதான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு ரெப்பின் போன் காணாமல் போனது. அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். 'நிலுவையில்' என்றே நின்றது. எடுத்தவன் சிம்மைக் கழற்றிவிட்டால் போன் இணையத்துக்கு வராது, கட்டளையும் போய்ச் சேராது. நாங்கள் கட்டாயமாக்கியிருந்த ஆறு இலக்கப் பின்னையும் பூட்டைத் திறக்காமல் தகவலைப் படிக்க முடியாதபடி போனிலேயே இருக்கும் என்கிரிப்ஷனையும் நம்பித்தான் அன்று தூங்கப் போனேன்.

உண்மையில் உழைத்தது வேறு இடத்தில். ஆர்டர் ஆப்புக்குப் புது வெர்ஷன் வந்தால் முன்பு ஒவ்வொரு ரெப்பையும் ஆபீஸுக்கு வரச் சொல்ல வேண்டும். இப்போது அவர் வாடிப்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறிவிடுகிறது. புதுப் போன் சேர்ப்பதும் எளிது: முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும், ஸ்கேன் செய்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் போனை இப்படி முழுக் கட்டுப்பாட்டில் கொண்டுவர முடியாது, ரீசெட் செய்தாக வேண்டும்.

சிலர் சொந்தப் போனில்தான் வேலை பார்ப்பேன் என்றார்கள். அங்கேதான் பஞ்சாயத்து. "அண்ணே, வீட்டுல எடுத்த போட்டோவெல்லாம் நீங்க பார்ப்பீங்களா?" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டான். நியாயமான கேள்வி. சொந்தப் போன்களுக்கு, ஆபீஸ் வேலைக்கென்று போனுக்குள்ளேயே தனியாகப் பிரித்த பகுதியான ஒர்க் புரொஃபைல் மட்டும் போட்டோம். ஆபீஸ் ஆப்கள் சின்னப் பெட்டிக் குறியோடு தனியாக நிற்கும். அவனுடைய போட்டோ, வாட்ஸ்அப் எதுவும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதை நிறுத்தியும் வைக்கலாம். பிறகு அதே தம்பி வேறு கடைக்கு மாறிப் போனபோது ஒர்க் புரொஃபைலை மட்டும் நீக்கினேன். கடைக்காரர்கள் பட்டியல் போனது, அவன் போட்டோக்கள் அப்படியே இருந்தன.

கம்ப்யூட்டர் பக்கம் தலைவலி விண்டோஸ் அப்டேட். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவதால் ராத்திரி நேரம் வைத்துப் பயனில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்தோம். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11-ம் தேதி, 3பிக்கு 20-ம் தேதி கடைசி என்பதால் அந்தத் தேதிகளை ஒட்டி ரீஸ்டார்ட் கூடாது என்றும் விதி போட்டேன். இல்லையென்றால் கணக்குப் பிள்ளை என்னைச் சும்மா விடமாட்டார். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி மென்பொருளிலேயே பதிவாவது பெரிய நிம்மதி. மதர்போர்டு மாற்றினால் அதைத்தான் முதலில் கேட்கும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது. எந்தெந்த கம்ப்யூட்டர் 11-க்குத் தேறும் என்ற பட்டியல் கேட்டதும் கிடைத்தது.

குறைகளும் உண்டு. விலை குறைந்த சில போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்டிஎம்மோடு பேச போனில் போட்டிருக்கும் ஏஜென்ட் ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடும். போன் கையில் இருக்கும், என் திரையில் பல நாளாகத் தொடர்பில்லை என்று காட்டும். ஐபோனை நிர்வகிக்க ஆப்பிள் தரும் சான்றிதழை வருடாவருடம் அதே ஆப்பிள் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டியதுதான். அதனால் ஆபீஸ் பெயரில் ஒரு கணக்கு வைத்திருப்பது நல்லது, வேலையை விட்டுப் போகிறவர் கணக்கில் வேண்டாம்.

அப்புறம், எங்கள் லைசென்ஸ் கட்டணம் எத்தனை கருவிகள் என்ற கணக்கில்தான். புதுப்பிக்கும் முன் பழைய போன்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், டிராயரில் உடைந்து கிடப்பதற்கும் சேர்த்துப் பில் வரும்.