ஓவர்லாப், இன்டர்லாக், பத்து விரல்: கோல்ஃப் மட்டைக்கு எந்தப் பிடி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கோல்ஃப் ஆட வருகிறவர்களில் துபாயிலோ மஸ்கட்டிலோ மேனேஜர் கூப்பிட்டார் என்று போய்ப் பழகினவர்கள் உண்டு, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டே கவடியார் பக்கம் இருக்கிற ஒன்பது குழி மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வலது கைச் சுண்டு விரலை எங்கே வைப்பது? மூன்று பிடிக்கும் நடுவே உள்ள வித்தியாசமே அந்த விரல்தான், அதனால் கேள்வியில் தப்பில்லை. ஆனால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பதை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இடது கை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். (எழுதுவதெல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கு. இடது கைக்காரர்கள் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஓவர்லாப்பில் வலது சுண்டு விரல், இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இதற்கு ஹாரி வார்டன் பெயரையே வைத்துவிட்டார்கள். 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தவர், ஆனால் இந்தப் பிடியை அவருக்கு முன்பே ஜானி லெய்ட்லே என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிடித்து ஆடியிருக்கிறார். இன்றைக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பிடி. இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்யும், வலது கை தனியாகப் புகுந்து ஆட்டத்தைக் கெடுக்காது. குறை என்றால், விரல் குட்டையாக இருப்பவர்களுக்குச் சுண்டு விரல் அந்தப் பள்ளத்தில் நிற்காது, அதிலும் நம் ஊர் வேர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்டர்லாக்கில் அந்தச் சுண்டு விரலும் இடது ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ் இரண்டு பேருக்கும் இதுதான், முறையே 18, 15 மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளுக்குத்தான் மேஜர் என்று பெயர்). அதைக் கேட்டதுமே நிறையப் பேர் இதற்குத் தாவிவிடுகிறார்கள். நிக்லஸ் இதை எடுத்ததற்குக் காரணம் அவருடைய கை சின்னது என்பதுதான், நமக்கும் கை சின்னது என்றால் நல்ல தேர்வு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், விரல்களை அடிவேர் வரைக்கும் திணித்துக் கோத்துவிடுவார்கள். அப்போது மட்டை விரலை விட்டு உள்ளங்கைக்குள் ஏறிவிடும், மணிக்கட்டு விறைத்துவிடும், நாலு பந்து அடிப்பதற்குள் விரலிடுக்கு வலிக்க ஆரம்பிக்கும். லேசாகக் கொக்கி போட்டால் போதும்.

பத்து விரல் பிடியைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எல்லா விரலும் மட்டை மேலேயே இருக்கும், வலது சுண்டு விரல் இடது ஆள்காட்டி விரலை ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். 1959இல் மாஸ்டர்ஸ் என்ற மேஜரை ஜெயித்த ஆர்ட் வாலும், அதே ஆண்டு இன்னொரு மேஜரான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் ஜெயித்த பாப் ராஸ்பர்க்கும் இப்படிப் பிடித்தவர்கள்தான். குழந்தைகளுக்கும், விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், கையில் பலம் குறைந்தவர்களுக்கும் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் மக்கா, சின்ன வயதிலிருந்து டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடி வளர்ந்த கைக்கு இது ஆபத்து. கிரிக்கெட்டில் பந்தைத் தூக்கி அடிக்கும்போது கீழ்க் கை நன்றாக உள்ளே புகும், இந்தப் பிடியில் அதே பழக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். வலது கை முந்திக்கொண்டு பந்தை இடது பக்கம் இழுத்துவிடும்.

இப்போது இடது கை. மட்டையை மம்பட்டிக் கணை மாதிரி உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்து இறுக்குவதுதான் பலருக்கும் தானாக வருவது. அப்படி வேண்டாம். கைப்பிடி சுண்டு விரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மடிப்பு வரை சாய்வாக ஓட வேண்டும், உள்ளங்கையின் அடிச் சதை அதன் மேல் அமர வேண்டும். சரியா என்று பார்க்க ஒரு சோதனை: ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்து, அந்த அடிச் சதையை மேலே வைத்து, மற்ற விரல்களை எடுத்துவிடுங்கள். மட்டை கீழே விழாமல் நின்றால் இடம் சரி. இன்னொரு அடையாளம் கையுறையில் இருக்கிறது. அடிச் சதை படுகிற இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழுந்தால், மட்டை உள்ளங்கையில் கிடந்து உரசுகிறது என்று அர்த்தம், கையுறை கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது கையை எவ்வளவு திருப்புவது. குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டி தெரிந்தால் நடுநிலை. மூன்று, அதற்கு மேல் தெரியும்படி வலது பக்கம் திருப்பினால் ஸ்ட்ராங், ஒன்றோ அதுவும் இல்லாமலோ இருந்தால் வீக். இறுக்கத்துக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. ஸ்ட்ராங்கில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், இடது பார்த்து மூடிக்கொண்டு வரும், பந்து இடது பக்கம் வளையும். வீக்கில் முகம் வலது பார்த்துத் திறந்து நிற்கும், பந்து வலது பக்கம் வளைந்து ஓடும். பழைய அமெரிக்க சாம்பியன் பென் ஹோகன், பந்து இடப்பக்கம் வளைவதால் அவதிப்பட்டுத் தன் பிடியை வீக் ஆக்கினார். அவருடைய வியாதி நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை, நம்முடையது நேர் எதிர்: பந்து வலது பக்கம்தான் ஓடுகிறது. எதிர்க் காற்று அந்த வளைவை இன்னும் பெரிதாக்கும், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காலி மனையில் ஆடி மாதத்தில் அடித்துப் பார்த்தால் தெரியும். அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு என் ஓட்டு நடுநிலைக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங் பக்கம், இரண்டரை முட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கை பெரிதாக இருந்தால் ஓவர்லாப், சின்னதாக இருந்தால் இன்டர்லாக். கிரிக்கெட்டில் ஊறினவர் என்றால் கை சின்னதோ பெரிதோ, பத்து விரல் வேண்டாம்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. பத்துக்கு நாலு, ஐந்து அளவு போதும். முன்கை நரம்பு புடைத்தால் அதிகம். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் வேர்வை, அதனால் கை வழுக்குகிறது என்று இறுக்குகிறோம். அதற்கு மருந்து நூல் கலந்த கார்டு கிரிப் (கிரிப் என்றால் மட்டையின் கைப்பிடி உறை), அல்லது இருக்கிற ரப்பர் கிரிப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பது. பளபளவென்று ஆகிவிட்ட ரப்பரை மாற்றித்தான் ஆக வேண்டும். விரல் அச்சு பதித்த பயிற்சி கிரிப் வாங்குகிறவர்கள் வீட்டில் பழக வைத்துக்கொள்ளலாம், போட்டியில் விதி அனுமதிக்காது.

பட்டருக்கு, அதாவது குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும் மட்டைக்கு, இது எதுவும் பொருந்தாது. அங்கே மட்டை உள்ளங்கையில்தான் கிடக்க வேண்டும், மணிக்கட்டு அசையக் கூடாது. இடது ஆள்காட்டி விரலை வலது கை விரல்களின் மேல் நீட்டி வைக்கும் ரிவர்ஸ் ஓவர்லாப்தான் வழக்கம். இடது கையைக் கீழே வைத்து ஆடுகிறவர்களும் உண்டு, குழிக்குள் பந்து விழுகிறதென்றால் யாரும் கேட்கப்போவதில்லை.