ரூ.5,940க்கு மூன்று காட்டு ரோஜா: ஆன்லைனில் வாசனைச் செடி வாங்கும் முன் படியுங்கள்

ரூ.5,940. ஆறு செடி, ஒன்று 990. "மணக்கும் இங்கிலீஷ் புதர் ரோஜா, மூன்று வயது ஒட்டுச்செடி, வருடம் முழுக்கப் பூக்கும்" என்று சொல்லி விற்றார்கள். வீட்டு முன் தோட்டத்தில் இன்று நிற்பது மூன்று காட்டு ரோஜா, வாசனையே இல்லாத ரோஸ் கலர் பூ ஒன்று, காய்ந்த குச்சி இரண்டு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "தொலையட்டும்" என்று விடத் தோன்றும். அதை நம்பித்தான் இவர்கள் கடையே நடத்துகிறார்கள்.

கடைப் பெயர் போடவில்லை. பூச்செடி மட்டும் விற்கும் ஆன்லைன் நர்சரி, ரீல்ஸ் போட்டு ஆள் பிடித்து மெசேஜில் ஆர்டர் எடுக்கும் ரகம். அவ்வளவு போதும். இதே மாதிரி நிறைய இருக்கின்றன.

இவர்கள் தொழில் தெரியாமல் ஏமாற்றவில்லை, தெரிந்தே செய்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ரோஜா வாங்கும்போது கேட்கும் கேள்வி இரண்டுதான்: எந்த வேர்ச்செடியில் (வேருக்காகக் கீழே வைக்கும் வேறு ரோஜா) ஒட்டு கட்டியது, ஒட்டுக்கணு (இரண்டும் சேரும் இடம்) மண்ணுக்கு மேலே தெரிகிறதா. பல கடைகளில் இதற்குப் பதிலே வராது. இங்கே யோசிக்காமல் வந்தது: "மல்டிஃப்ளோரா சார், முள்ளில்லாத ரகம். கணு ரெண்டு இன்ச் மேல நிக்கும். நம்ம வெயிலுக்கும் மழைக்கும் கணுவைப் புதைக்கக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" மல்டிஃப்ளோரா என்பது வேர்ச்செடியாக வைக்கும் காட்டு ரோஜா. சொன்னது அத்தனையும் சரி. குளிர் தேசத்துக்காரர்கள்தான் உறைபனிக்குப் பயந்து கணுவைப் புதைப்பார்கள். பிறகு வீடியோ காலில் தாய்ச்செடி என்று ஒன்றைக் காட்டினார்கள், அடுக்கடுக்காக இதழ், கிண்ணம் மாதிரி பூ. "வாசனை ஃபோன்லயே வரும் சார்" என்று சிரிப்பு வேறு. ரூ.5,940 போனது அந்த நிமிடத்தில்தான். முழுப் பணமும் முன்கூட்டியே, யுபிஐயில். செடி என்பதால் கேஷ் ஆன் டெலிவரி கிடையாதாம், வழியில் வாடிவிடுமாம். பணம் எப்போது கொடுக்கிறோம் என்பதற்கும் செடி வாடுவதற்கும் என்ன சம்பந்தமோ!

பெட்டி வந்தது. ஒவ்வொரு பையிலும் கழுத்துவரை தேங்காய் நார்த்தூள். கூடவே பளபளவென்று ஓர் அட்டை: பையில் உள்ள மட்டத்திலேயே நடவும், நார்த்தூளைக் கலைக்க வேண்டாம், 45 நாளுக்கு எந்தக் கிளையையும் வெட்ட வேண்டாம். இந்த மூன்று கட்டளையும் எதற்கென்று நார்த்தூளை விரலால் விலக்கினால் புரிந்துவிடும். ஒட்டுக்கணு உள்ளே புதைந்து கிடந்தது. நல்ல ரகத்தின் மொட்டை (ஒட்டுக்கண்) வேர்ச்செடியோடு சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை யாரும் அவிழ்க்கவே இல்லை, அது தண்டை இறுக்கிப் பள்ளம் விழுந்திருந்தது. மூன்றில் ஒட்டுக்கண் கறுத்துச் செத்திருந்தது. இரண்டில் அடித்தண்டே போய்விட்டிருந்தது: நகத்தால் பட்டையைக் கீறினால் பச்சை தெரிய வேண்டும், பழுப்புதான் தெரிந்தது. மிச்சமிருந்த ஒன்றுதான் அந்த வாசனையில்லாத ரோஸ் கலர்.

மூன்று வயது என்றார்களே, அது வேர்ச்செடியின் வயது. கீழே தண்டு கட்டைவிரல் தடிமன், அதில் ஒட்டிய கிளை பென்சிலில் பாதி. ஒட்டு கட்டிச் சில மாதம்கூட ஆகியிருக்காது.

ஒட்டு செத்தாலும் வேர்ச்செடி சாகாது. கணுவுக்குக் கீழிருந்து வாட்டசாட்டமாகப் போத்து, அதாவது வேர்ச்செடியின் சொந்தக் கிளை, கிளம்பும். புதிதாக வளர்ப்பவர்கள் ஆஹா, துளிர்த்துவிட்டது என்று மகிழ்ந்துபோவார்கள். இலையைப் பாருங்கள். நாம் வாங்கும் கலப்பு ரோஜாக்களில் ஓர் இலைக்காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலை, சிலதில் ஏழு. மல்டிஃப்ளோராவில் ஏழு, ஒன்பது என்று வரும், வெளிர் பச்சையாக, சிறிதாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், ஏழு சிற்றிலை உள்ள நல்ல ரகங்களும் உண்டு. இன்னும் நம்பகமான அடையாளம் ஒன்று: இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சிறு செதிலைப் பாருங்கள். மல்டிஃப்ளோராவில் அதன் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும். இது பூத்தாலும் வருடத்துக்கு ஒரு பருவம்தான், ஐந்து இதழில் பொடி வெள்ளைப் பூ கொத்தாக. இதற்கா 990?

ஒட்டு உயிரோடு இருக்கும் செடியிலும் போத்தை விட்டுவைக்கக் கூடாது. வேர்ச்செடி வேகமாக வளரும் ஜாதி, சத்தெல்லாம் அதற்கே போய் மேலே உள்ள நல்ல ரகம் மெலிந்து காய்ந்துவிடும். கத்தரியால் வெட்டினால் அடியில் உறங்கும் கண்கள் கிளம்பி ஒன்றுக்கு நான்காக வரும். மண்ணை விலக்கி, போத்து கிளம்பும் இடம்வரை போய், இளசாக இருக்கும்போதே கீழ்நோக்கிப் பிய்த்து எடுக்க வேண்டும். 45 நாள் வெட்டாதே என்ற அட்டைக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? அதற்குள் போத்து கிடுகிடுவென வளர்ந்துவிடும், "வளர்ந்த செடி"க்கு யாரும் பணம் திருப்பிக் கேட்க முடியாது.

கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில், "டிராவல் ஷாக் சார், இலை கொட்டும், பயப்படாதீங்க." இதில் கொஞ்சம் நிஜம் உண்டு. கூரியரில் வரும் ரோஜா இலை உதிர்க்கும், தண்டு பச்சையாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். அந்த நிஜத்தை வைத்தே நாளைக் கடத்தினார்கள். கடத்தியபின், "ரிப்ளேஸ்மென்ட் 7 நாள்தான் சார், முடிஞ்சுபோச்சே." போத்தைப் படம் எடுத்து அனுப்பினால், "சூப்பரா வந்திருக்கு சார்! செடி உயிரோடதானே இருக்கு?" செதிலின் படத்தை அனுப்பினால், "உங்க ஊர் தண்ணியில உப்பு அதிகம் போல." உப்புத் தண்ணீர் இலை ஓரத்தைக் கருக்கும். செதிலுக்குப் பல் முளைக்க வைக்காது. அப்புறம் "டெக்னிகல் டீம் கூப்பிடும்." எந்த டீமும் கூப்பிடவில்லை. கடைசியாக ரூ.300 கூப்பன், அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாமாம். ரூ.5,940ஐ விழுங்கிவிட்டு, மறுபடியும் அவர்களிடமே வாங்க ரூ.300! வேண்டாம் என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

நட்டதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி, மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் ஒரு கைப்பிடி, மேல்மண்ணோடு கலந்தது. செடிக்குச் செடி மூன்று அடி. ஆறு மணி நேர வெயில் விழும் இடம், அதிலும் காலை வெயில், பனி ஈரம் சீக்கிரம் காய்ந்தால்தான் கரும்புள்ளி நோய் ஒட்டாது. அடியில் கனகாம்பரமும் தவனமும், ரோஜாத் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி. நார்த்தூள் உருண்டையை அட்டையில் சொன்னபடி அப்படியே வைத்திருந்தால்தான் தப்பு: வெளியே செம்மண் காயும்போது உள்ளே ஈரம் கட்டிக்கொள்ளும், வேரும் வெளியே வராமல் உருண்டைக்குள்ளேயே சுற்றும். பக்கெட் தண்ணீரில் வைத்து, பாதியை வேர் அறுபடாமல் உதிர்த்துவிட்டுத்தான் நட வேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு அவசரத்துக்குச் சில.

கணு தெரிகிற மாதிரி, இன்றைய தேதி எழுதிய தாளோடு, உங்களுக்கு அனுப்பப்போகும் செடியின் படத்தைக் கேளுங்கள், தாய்ச்செடியின் படம் எதற்கும் உதவாது. கடைப் படத்தில் இலையைக் கவனியுங்கள்: ரோஜா இலைக்கு ஓரத்தில் ரம்பப் பல் உண்டு. பல்லே இல்லாத நீள இலை என்றால் அது பியோனிப் பூவின் படம், நிறையப் பேர் அதைத்தான் "இங்கிலீஷ் ரோஜா" என்று போடுகிறார்கள். நீல ரோஜா விதை விற்கும் கடையில் மற்றதையும் வாங்காதீர்கள், நீல நிறமி ரோஜாவில் இயற்கையாகக் கிடையாது. ஜப்பானில் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்கு வந்த "நீல" ரோஜாவே ஊதா சாயல்தான். பெட்டி திறப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், நார்த்தூளை விலக்கிக் கணுவைக் காட்டுவதுவரை.

சமவெளியில் வாசனைதான் முக்கியம் என்றால் பன்னீர் ரோஜாக் குச்சி போதும். தெரிந்தவர் வீட்டில் பென்சில் தடிமனில் எட்டு அங்குலம், மூன்று நான்கு இலைக்கணுவோடு வெட்டி வாங்கி, அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றுங்கள். சொந்த வேரில் வளர்வதால் அடியில் எது கிளம்பினாலும் அதே ரோஜாதான்.

ஏமாந்தவர்கள் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். 2020 மின்வணிக விதிப்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. என் ரூ.5,940க்கும் புகார் போட்டாயிற்று. அவர்கள் பிளாக் செய்யும் முன் சாட் மெசேஜ்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில கடைகள் மெசேஜை அழித்துவிடுகின்றன. ஏப்ரல், மே மாதத்தில் எந்தக் கடையிலிருந்தும் கூரியரில் ரோஜா வரவழைக்காதீர்கள்.