ஆன்லைன் விளையாட்டுப் பந்தயம்: பரிவர்த்தனைக் கட்டணம் லாபத்தை எப்படித் தின்கிறது

ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத் தளங்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு வரவையும் செலவையும் தனியாக எழுதிவருகிறேன். கட்டணத்தை, தளத்தில் போட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது அற்பமாகத் தெரியும். கையில் மிஞ்சும் லாபத்தோடு ஒப்பிட்டால்தான் அதன் கனம் புரியும் என்பதே அந்தக் கணக்கு எனக்குக் காட்டிய உண்மை.

இரு பக்கமும் சம வாய்ப்புள்ள போட்டிக்கு 1.91 என்ற அளவில் ஆட்ஸ் கிடைப்பது வழக்கம்; அதாவது 1 அலகு வைத்து வென்றால், வைத்ததையும் சேர்த்து 1.91 அலகு திரும்ப வரும். அந்த விலையில் நஷ்டமில்லாமல் தப்பிக்கவே 52.4 விழுக்காடு பந்தயங்களில் வெல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு அது நீண்ட காலம் கைகூடுவதில்லை. 53 விழுக்காடு வெல்லும் திறமைசாலிக்கும் 100 அலகு பந்தயத்துக்கு ஏறத்தாழ 1.2 அலகுதான் மிஞ்சும். பணம் செலுத்தும்போதே 2 விழுக்காடு கட்டணம் போய், மீதித் தொகை ஒரே ஒரு முறை பந்தயத்தில் சுழன்று வெளியே எடுக்கப்பட்டால், வென்றவர் கணக்கும் நஷ்டத்தில்தான் முடியும். அதே பணம் பத்து முறை சுழன்றால் கட்டணத்தின் பங்கு பந்தயத் தொகையில் 0.2 விழுக்காடாகக் குறையும். ஆகவே சிறு சிறு தொகையாக அடிக்கடி போட்டு எடுப்பதுதான் மிகவும் செலவு பிடிக்கும் பழக்கம். அதற்காகப் பெருந்தொகையைத் தளத்திலேயே விட்டுவைக்கவும் நான் சொல்ல மாட்டேன். கண்ணெதிரே கிடக்கும் பணம் தேவையற்ற பந்தயங்களுக்குத் தூண்டும்.

பயனர்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் வைக்கும் எக்ஸ்சேஞ்சுகளில் ஆட்ஸ் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் வென்ற தொகையில் கமிஷன் உண்டு. கமிஷன் 5 விழுக்காடு என்றால் 2.10 ஆட்ஸ் உண்மையில் 2.045தான். சாதாரணத் தளம் தரும் 2.00-ஐவிட இது மேல். எக்ஸ்சேஞ்சில் ஆட்ஸ் 2.04 என்றால் கமிஷன் போக 1.988தான் கிடைக்கும் என்பதால், பார்வைக்குக் குறைவாக இருக்கும் 2.00 சிறந்ததாகிவிடுகிறது. இதைவிட முக்கியமானது, பல எக்ஸ்சேஞ்சுகளில் கமிஷன் ஒவ்வொரு சந்தைக்கும் (ஒரு போட்டியில் யார் வெல்வார் என்பது போன்ற ஒவ்வொரு பந்தயப் பிரிவுக்கும்) தனித்தனியாகப் பிடிக்கப்படுவதும், தோற்ற சந்தைகளின் இழப்பு அதில் கழிக்கப்படாததும் ஆகும். ஒரு மாதத்தில் வென்ற சந்தைகளில் 1000 வந்து, தோற்றவற்றில் 950 போனால் 50 லாபம் என்று தோன்றும். வென்ற 1000-க்கு 5 விழுக்காடு கமிஷன் சரியாக அந்த 50-ஐ எடுத்துக்கொள்கிறது. மாதம் முழுவதும் உழைத்ததற்குக் கிடைப்பது பூஜ்யம்.

நாணய மாற்றுச் செலவு இன்னும் தந்திரமானது, ஏனெனில் அது கட்டணம் என்ற பெயரிலேயே வருவதில்லை. மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே வரும்போது 2.5, வெளியே போகும்போது 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு பந்தயமும் வைக்காமலேயே 100 என்பது 95.06 ஆகிவிடும். நான் பயன்படுத்திய ஒரு தளத்தின் பரிவர்த்தனைப் பக்கத்தில் பணம் எடுத்ததற்கான கட்டணம் பூஜ்யம் என்றே இருந்தது. வங்கிக் கணக்கில் வந்த தொகையோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அன்றிலிருந்து தளம் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, வங்கியிலிருந்து போனதையும் வங்கிக்கு வந்ததையும் மட்டுமே லாப நஷ்டமாக எழுதுகிறேன்.

பணம் எடுக்க நிலையான கட்டணம் வசூலிக்கும் தளங்களில் தொகையின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: 5 அலகு கட்டணம் 50-ல் 10 விழுக்காடு, 500-ல் 1 விழுக்காடு. பிட்காயினிலும் இதே நிலைதான். அதன் வலைப்பின்னல் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று, பரிவர்த்தனையின் தரவு அளவையும் அந்நேர நெரிசலையும் பொறுத்தது. கிரெடிட் கார்டு மூலம் பணம் போடுவதைச் சில வங்கிகள் ரொக்கம் எடுத்ததாகவே கருதி, தனிக் கட்டணத்தோடு முதல் நாளிலிருந்தே வட்டியும் போடுகின்றன. 1.2 விழுக்காடு லாபத்தை நம்பிக் கடன் பணத்தில் பந்தயம் வைப்பவருக்கு அந்த வட்டியை ஈடுகட்ட எந்த வழியும் இல்லை.